இரண்டாவது கியர்

ஜூலை 18, வெள்ளி

இன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்தபோது வாசலில் வீரக்குமார் மாமாவின் வண்டி நின்றிருந்தது. மாமா இல்லை. உள்ளே பாண்டீஸ்வரி அக்கா சுவரோரம் உட்கார்ந்து, அறுந்த செருப்பு வாரை ஊக்கு குத்திச் சரிசெய்துகொண்டிருந்தாள். வண்டியையும் அக்காவையும் இறக்கிவிட்டு மாமா ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டாராம். காப்பிகூடக் குடிக்கவில்லையாம்.

எங்கள் சொந்தத்தில் ஒரு வழக்கம். சீராகக் கொடுத்த பொருள் எது கெட்டாலும் கொடுத்த வீட்டுக்குத்தான் திரும்பி வரும். அக்காவுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது. மிக்ஸி ஒரு தடவை வந்து போனது. கிரைண்டர் வந்து போனது. பீரோவின் கைப்பிடி மட்டும் தனியாக ஒரு மஞ்சப்பையில் வந்தது. இப்போது மோட்டார் சைக்கிள்.

இரண்டாவது கியர் நிற்பதில்லையாம். போட்டால் அதுவாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறதாம். சரிபண்ணி வையுங்கள், ஆவணி பிறந்ததும் வந்து வண்டியையும் அவளையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மாமா சொல்லியிருக்கிறார். இந்த வரிசையில்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அம்மா எதையும் மாற்றிச் சொல்ல மாட்டாள்.

எதிர்வீட்டு மகமாயி அக்கா, ஆடிக்கு வந்தாயா என்று கேட்டாள். அக்காவை முந்திக்கொண்டு அம்மா ஆமாம் என்றாள். மூணாவது வருஷமும் ஆடிச் சீரா, கொடுத்து வைத்தவள் என்று மகமாயி அக்கா சிரித்தாள்.

தெருவில் வண்டியை விட்டுவைக்க முடியாது. அப்பாவும் நானும் அதை முன்னறைக்குள் ஏற்றினோம். பிறகு அறையில் நடக்க இடமில்லை. அக்கா பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பெட்ரோல் வாடை ஆகவில்லை என்றாள்.

ஜூலை 19

கடையிலிருந்து வலிக்குத் தடவும் களிம்பு ஒன்று வாங்கி வந்தேன். அக்காவுக்கு முதுகு வலி.

ஜூலை 20, ஞாயிறு

அப்பா ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, நான் பின்னாலிருந்து தள்ள, வண்டியைச் சந்தை ரோட்டில் இருக்கும் ரபீக் அண்ணன் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அப்பா தேங்காய்நார் மில்லில் வேலை செய்கிறார். பாரம் தள்ளுவது அவருக்குப் பழக்கம். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

ரபீக் அண்ணன் அடியில் ஒரு போல்ட்டைக் கழற்றி ஆயிலைத் தட்டில் வடித்தார். வெயிலில் அதைச் சாய்த்துக் காட்டினார். கறுப்பு ஆயிலில் ஜிகினா தூவியது போல மினுங்கியது. கியர் பல் தேய்ந்து தூளாக வருகிறது, இன்ஜினைப் பிளந்தால்தான் அதுவரைக்கும் போக முடியும் என்றார். இரண்டாவதைப் போடாமல் தாண்டிவிட்டு ஓட்டலாம், அல்லது இப்படியே யாருக்காவது தள்ளிவிடலாம் என்றும் சொன்னார்.

"இந்த வயசு வண்டிக்கு இம்புட்டு வைத்தியம் வேணுமாண்ணே?"

"வேணும்" என்றார் அப்பா.

அப்பா கிளம்பாமல் நின்றார். பிறகு, போன ஐப்பசியிலேயே இந்தக் கியர் இப்படித்தான் இருந்திருக்குமா என்று கேட்டார். அதை இப்போது எப்படிச் சொல்ல முடியும் என்றார் ரபீக் அண்ணன். அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன ஐப்பசியில் அக்காவும் மாமாவும் செம்பட்டி ரோட்டில் போனபோது கியர் நழுவி, வண்டி குலுங்கி, அக்கா விழுந்துவிட்டாள். அப்போது அவளுக்கு நாலாவது மாதம். குழந்தை தங்கவில்லை. மாமாவின் அம்மா ஆஸ்பத்திரியில் எல்லோர் முன்னாலும், பழைய வண்டியைச் சீராகத் தள்ளிவிட்டவர்கள் நன்றாக இருப்பார்களா என்று கேட்டார். கல்யாணத்தின்போது அப்பாவால் புது வண்டி கொடுக்க முடியவில்லை. ஒரு வாத்தியார் ஓட்டிய வண்டியை வாங்கி, துடைத்து, மாலை போட்டுக் கொடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அப்பா எந்த வண்டியிலும் பின்னால் ஏறுவதில்லை. மில்லுக்கு நடந்தே போகிறார்.

இன்ஜினைப் பிரித்து வைக்கிறேன், கியர் செட்டை நீங்களே திண்டுக்கல்லில் வாங்கி வந்துவிடுங்கள் என்றார் ரபீக் அண்ணன். வேலைக்கு லீவு கிடைக்காது என்பதால் அப்பா என்னைப் பார்த்தார். ஞாயிறு தவிர வியாழக்கிழமையும் எனக்கு விடுமுறை. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். வேதியியல். மருந்துக் கடையில் பில் போடுகிறேன். டிகிரி என்றால் எல்லாமே அதில் அடக்கம் என்பது அப்பாவின் நம்பிக்கை. கரண்ட் ஆபீஸ், ரேஷன் கடை, இப்போது கியர்பாக்ஸ்.

ஜூலை 23

நேற்று மாமாவின் அம்மா போனில் அம்மாவிடம் பேசினார். மண்டியில் மூட்டை ஏற்ற வண்டி இல்லாமல் மகன் கஷ்டப்படுகிறானாம். அக்காவைப் பற்றிக் கேட்கவில்லை. அக்கா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். போனை வைக்கும் வரை அதே காம்பைத்தான் உருவினாள்.

ஜூலை 24, வியாழன்

திண்டுக்கல் போனேன். வாங்கவில்லை.

உதிரி பாகக் கடைகள் இருக்கும் தெரு முழுக்க ஆண்கள். கையில் கிரீஸ், தோளில் டயர். ஒரு கடையில் நின்றேன். எந்த வருஷ மாடல் என்று கேட்டார்கள். ரபீக் அண்ணன் எழுதிக் கொடுத்திருந்ததை வாசித்தேன். என் குரல் அவர்களுக்குக் கேட்கவில்லை. பின்னால் வந்தவர் எனக்கு முன்னால் கையை நீட்டி ஒரு செயின் கேட்டார். அவருக்குக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் வாங்கலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். சரி தாயி என்றார். அக்கா எனக்குச் சோறு போட்டாள். முட்டையும் வைத்தாள்.

ஜூலை 27

வண்டி பட்டறையில் இருப்பதால் முன்னறை காலியாக இருக்கிறது. அக்கா இன்னும் அடுப்படியில்தான் படுக்கிறாள்.

களிம்பு தீர்ந்துவிட்டது. கடையில் ஒருவருக்கு இரண்டு மாதம் வரும் அது.

ஜூலை 29

அம்மா ரேஷனுக்குப் போயிருந்தாள். நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். அப்பா வண்டியை நினைத்து எவ்வளவு மனம் விட்டுப்போயிருக்கிறார் என்று அக்காவிடம் சொன்னேன். ஐப்பசியிலேயே கியர் தேய்ந்திருந்ததா என்று பட்டறையில் கேட்டதைச் சொன்னேன். அக்கா தட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"அன்னைக்கு வண்டி நல்லாத்தான் இருந்துச்சு நாகு."

கியர் நழுவ ஆரம்பித்ததே இந்தச் சித்திரையில்தான் என்றாள். கோபம் வந்தால் மாமா கிளட்ச் பிடிக்காமல் கியரை மிதிப்பாராம். மண்டியில் யாராவது ஏதாவது சொன்னால், குழம்பில் உப்பு குறைந்தால், அக்கா ஒன்றும் சொல்லாமல் இருந்தால். பின்னால் உட்கார்ந்திருக்கும்போது, அவர் கால் போகும் வேகத்தை வைத்தே அன்றைய ராத்திரி எப்படி இருக்கும் என்று அக்காவுக்குத் தெரிந்துவிடுமாம்.

பிறகு ஐப்பசியைப் பற்றி இன்னொன்றும் சொன்னாள். அதை இங்கே எழுதப்போவதில்லை.

அம்மாவிடமும் அப்பாவிடமும் சொல்லக் கூடாது என்று என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். அப்பா சண்டைக்குப் போவார் என்று பயமா என்று கேட்டேன்.

"அதுக்குப் பயமில்லடி. சொன்ன பெறகும் அனுப்பி வச்சுட்டாங்கன்னா?"

நான் ரசம் ஊற்றிக்கொண்டேன். கடைக்கு நேரமாகிவிட்டது.

ஜூலை 31, வியாழன்

திண்டுக்கல் பஸ்ஸில் கூட்டம். பேருந்து நிலையத்தில் இறங்கி ஒரு காப்பி குடித்தேன். அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்த மாடலுக்குச் செட் வர ஒரு வாரம் ஆகும், சென்னையிலிருந்து வர வேண்டும் என்று சொல்கிறார்கள்.

அப்பாவிடம் அப்படித்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா லெமன் சாதமும் புளியோதரையும் கிண்டினாள். மஞ்சள் கயிறு வாங்கி வந்து அக்காவுக்குத் தாலிக் கயிறு மாற்றக் கூப்பிட்டாள். நல்ல நாள், இன்று மாற்றினால் ஆயுசுக்கும் நல்லது என்றாள். அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டே இருந்தாள். மூன்று தரம் கூப்பிட்ட பிறகு, வண்டி முதலில் சரியாகட்டும்மா, அப்புறம் மாற்றிக்கொள்கிறேன் என்றாள். வண்டிக்கும் கயிற்றுக்கும் என்னடி சம்பந்தம் என்று அம்மா கத்தினாள். புதுக் கயிறு சாமி படத்தில் தொங்குகிறது.

நான் இன்றைக்குக் கடைக்குப் போயிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்கு ஆள் போதவில்லை என்று முதலாளி சொன்னார். வீட்டில் மூச்சு முட்டுகிறது. இரண்டு அறைகளில் நாலு பேர், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒன்றை வைத்துக்கொண்டு சுற்றுகிறோம். அம்மாவுக்குத் தெரியாதது அக்காவிடம். அப்பாவுக்குத் தெரியாதது என்னிடம். அம்மாவும் அப்பாவும் என்ன வைத்திருக்கிறார்களோ.

ஆகஸ்ட் 6

ரபீக் அண்ணனைப் பார்க்கப் போனேன். இன்ஜின் இரண்டாகப் பிளந்து சாக்கில் கிடந்தது. அவசரம் இல்லை அண்ணே, மெதுவாகப் பாருங்கள் என்றேன். சாமான் நீ கொடுத்தால்தானேம்மா நான் வேகமாகப் பார்ப்பதும் மெதுவாகப் பார்ப்பதும் என்றார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நான் கிளம்புவதற்கு முன்பே அப்பா கிளம்பிவிட்டார். மில்லில் லீவு சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. மத்தியானமே திரும்பி வந்து, ஆயில் பேப்பரில் சுற்றிய பொட்டலத்தைத் தரையில் வைத்தார். கனமாக இருந்தது. அம்மா, சென்னையிலிருந்து வந்துவிட்டதா என்றாள். வந்திருச்சு என்றார்.

கைகால் கழுவப் போகும்போது என் பக்கத்தில் நின்றார்.

"முதக் கடையிலேயே இருந்துச்சு. எப்பவும் இருக்குமாம்."

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேனா என்பது தெரியாது.

ஆகஸ்ட் 8

ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பட்டறைக்கு என்னையும் வரச் சொன்னார் அப்பா. போகும் வழியில் பேசவில்லை. சந்தை மைதானத்தில் ஆள் இல்லை. கூரைக்கம்புகள் மட்டும் நின்றன. அங்கே வந்ததும், ஏன் தாயி பொய் சொன்னாய் என்று கேட்டார். அக்காவைக் கேளுங்கள் என்றேன். அவள் சொல்ல மாட்டாள், அவள் சிறுபிள்ளையிலேயே முள் குத்தினாலும் சொல்ல மாட்டாள் என்றார்.

சத்தியம் பண்ணியிருக்கிறேன் என்று மனதில் இருந்தது. சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் சொன்னேன்.

"ஐப்பசியில வண்டி நல்லாத்தான் இருந்துச்சாம்ப்பா."

அப்பா நடப்பதை நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை. ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டார். அவர் கேட்பார், மீதியையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்து வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, வா, ரபீக்கு காத்திருப்பான் என்றார்.

பட்டறையில் புதுப் பல்சக்கரங்களைப் பொருத்துவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். நல்லா டைட்டா வையி என்று இரண்டு முறை சொன்னார். சொல்லியும் அனுப்பி வைப்பார்கள் என்று அக்கா பயந்தது அப்போது நினைவுக்கு வந்தது. நான் வெளியே வந்து நின்றுகொண்டேன்.

ஆகஸ்ட் 12

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. அப்பா சாயங்காலம் முழுக்க அதைக் கழுவினார். சோப்புத் தண்ணீர், பிறகு தேங்காய் எண்ணெய். கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். அம்மாவுக்குச் சந்தோஷம். மாப்பிள்ளை பார்த்தால் அசந்துபோவார் என்றாள். அப்பா, ஒரு குறை சொல்லக் கூடாதுல்ல என்றார்.

அக்கா சத்தியத்தைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. நான் பார்க்கும் இடத்தில் உட்காராமல் இருக்கிறாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

துணி துவைத்தேன். முறுக்குக்கு மாவு திரித்து வந்தேன். கடையில் புதிதாக வந்த களிம்பு ஒன்று நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

ஆகஸ்ட் 16, சனி

ஆடி கடைசி நாள். அம்மா ஒரு தகர டின்னில் முறுக்கு அடுக்கினாள். அக்காவின் சேலைகளை மடித்துப் பையில் வைத்தாள். அக்கா தடுக்கவில்லை, உதவவும் இல்லை. ஒரு சேலையை மட்டும் வெளியே எடுத்து, இது எனக்கு வேண்டாம், நீ கட்டிக்கொள் என்று என்னிடம் கொடுத்தாள். புதுச் சேலை. கட்டியதே இல்லை. அதை மடிப்புக் கலையாமல் பிடித்துக்கொண்டு நான் நிற்பதை அம்மா பார்த்தாள். என்னடி என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

அப்பா மில்லிலிருந்து வந்து வண்டியை ஒரு முறை ஸ்டார்ட் பண்ணி அணைத்தார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மாமா பத்து மணி பஸ்ஸில் வந்தார். வெள்ளைச் சட்டை. வாங்க மாப்ள என்று அப்பாதான் முதலில் சொன்னார். அம்மா காப்பி கொண்டுவந்தாள். வண்டியைப் பார்த்துவிட்டுக் குடிக்கிறேன் என்று தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்து, வண்டியை அணைக்காமலேயே, ஜம்முனு இருக்கு மாமா என்றார்.

"மொதல்லயே புதுசாக் குடுத்திருந்தா இந்தப் பாடு எதுக்கு, சொல்லுங்க?"

மாமா என் பக்கம் திரும்பி, என்ன படிச்ச புள்ள, மாமாவுக்கு உங்க கடையிலருந்து ஒரு சத்து மாத்திரைகூடக் கிடையாதா என்று சிரித்தார். எல்லோருக்கும் கேட்கும்படி பேசுவார். எதிர்வீட்டு மகமாயி அக்காவும் சிரித்தாள்.

அம்மா பையையும் டின்னையும் வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தாள். அக்கா நிலைப்படிக்கு உள்ளே நின்றாள். மாமா அவளைப் பார்க்காமல், முன்னால் பார்த்துக்கொண்டே, ஏறு என்றார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா அசையவில்லை. அம்மா, போ தாயி, நேரமாகுதுல்ல என்றாள். அக்கா கதவை ஒரு கையால் பிடித்திருந்தாள். அவள் விரல்கள் வெளுத்துப்போனது எனக்குத் தெரிந்தது. அப்பா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு கீழே பார்த்தார். யாராவது பேசுவார்கள் என்று நான் காத்திருந்தேன். நான் எப்போதும் அப்படித்தான். வகுப்பிலும் அப்படித்தான்.

"அக்கா வரல மாமா" என்றேன்.

இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. என்ன என்றார். அவர் இன்ஜினை அணைத்தார். தெரு முழுக்க அமைதியாகிவிட்டது. முதல் தடவை சொன்னதைவிட இரண்டாம் தடவை சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"அக்கா வரல."

அவர் என்னிடம் பேசவில்லை. அப்பாவைப் பார்த்தார்.

"என்ன மாமா, சின்னப் புள்ளையப் பேச விட்டு வேடிக்கை பாக்குறீங்க?"

அப்பா தோள் துண்டை எடுத்து உதறி மறுபடியும் தோளில் போட்டார். எனக்கு அக்காவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"வண்டியச் சரிபண்ணித் தரச் சொன்னீங்க. குறையில்லாமப் பண்ணிக் குடுத்துட்டேன்" என்றார். "சாவி அதுலயேதான் இருக்கு மாப்ள."

மாமாவுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சிரித்தார். ரெண்டு நாளில் நீங்களே கொண்டுவந்து விடுவீர்கள், அப்போது நான் வாசலைத் திறக்கிறேனா என்று பாருங்கள் என்றார். காப்பி டம்ளர் நிலைப்படியில் அப்படியே இருந்தது. வண்டி போய்விட்டது.

அம்மா என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். இனி உன்னை எவன் கட்டுவான் என்றாள். இன்னொரு அடி விழும் என்று குனிந்தேன். விழவில்லை. அம்மா வாசலிலேயே உட்கார்ந்து, முறுக்கு டின்னை மடியில் வைத்துக்கொண்டு, அவருக்கு முறுக்குகூடக் கொடுத்துவிடவில்லையே என்று அழுதாள். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு அம்மாவின் காதில் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். நான் உள்ளே போய்விட்டேன். ரொம்ப நேரம் சொன்னாள்.

வெளியே வந்தபோது அம்மா அழவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாமி படத்தில் தொங்கிய கயிற்றை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டு வந்தாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஒட்டன்சத்திரத்திலிருந்து போன் வந்தது. வெள்ளிக்கிழமை பெரியவர்கள் நாலு பேர் வந்து பேசுவார்களாம். சீர் சாமான்களைப் பற்றி, பழைய வண்டியால் போன குழந்தையைப் பற்றி, எல்லாவற்றையும் பேசித் தீர்க்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் நாலு பேர் உட்கார நாற்காலி கிடையாது. கடை முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். தருகிறேன் என்றார், எதற்கு என்று கேட்டார். விசேஷம் என்றேன்.

அன்றைக்கு நீயும் பேச வேண்டும் தாயி, எனக்குக் கோபம் வந்தால் வாய் குழறும் என்றார் அப்பா. நான் முடியாது என்றேன். அந்த நாலு பேரும் எப்படி உட்காருவார்கள், எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். படித்த திமிர் என்பார்கள்.

"நீ மொத வார்த்தைய மட்டும் சொல்லு நாகு" என்றாள் அக்கா. "மிச்சத்த நான் சொல்லிக்கிறேன்."

அதனால் முதல் வாக்கியத்தை இங்கே எழுதிப் பார்க்கிறேன். மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். கடைசியாக எழுதியது இது: போன ஐப்பசியில் செம்பட்டி ரோட்டில் அக்கா வண்டியிலிருந்து தானாக விழவில்லை.

அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"இப்படிச் சுத்தி வளைச்சா அவங்களுக்கு வெளங்காது. தள்ளிவிட்டாருன்னே எழுது."

எழுதிவிட்டேன்.

போன ஐப்பசியில் செம்பட்டி ரோட்டில் மாமா அக்காவை வண்டியிலிருந்து தள்ளிவிட்டார்.